எனக்குப் பின்னால் வந்தவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னைவிட வேகமாக சைக்கிள் ஓட்டிய பெண் இந்த மாநிலத்தில் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. டிராக்கோ ரோடோ, முதலில் வந்தது நான்தான். விடியற்காலை மயிலாப்பூரில் கிளம்பி, அடையாறு பாலம் தாண்டி, கோவளம் வரை போய்த் திரும்பிய பிறகுதான் கல்லூரி.

"காலெல்லாம் மரம் மாதிரி ஆயிண்டிருக்கு, எவன் வந்து பண்ணிப்பான்?" என்பாள் அம்மா. கேட்டுக்கொண்டே பத்து இட்லி சாப்பிடுவேன்.

எங்கள் அணியில் இன்னொருத்தி இருந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்துப் பெண். அவள் அப்பா மாநில சைக்கிள் சங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். ஒரே பாட்டிலில் என்னோடு தண்ணீர் குடித்தவள். வேகம்தான் போதாது.

தேசியப் போட்டிக்கு ஒருத்திக்குத்தான் இடம். தேர்வு ரேஸுக்கு முந்தின நாள் பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ முன்னால போ. அவ உன் பின்னாடியே ஒட்டிக்கினு வரட்டும். கடைசில நீ ஒதுங்கிக்கோ."

முன்னால் போகிறவள்தான் எதிர்காற்றையெல்லாம் வாங்கிக்கொள்வாள். பின்னால் வருகிறவள் அந்த நிழலில் களைப்பில்லாமல் வந்துவிடலாம்.

"நான் எதுக்கு சார் ஒதுங்கணும்?"

"இன்னா புரியாத மாதிரி கேக்குற? மேல பேசி முட்ச்சிட்டாங்க. அட்த்த வர்ஷம் உனுக்கு."

மறுநாள் கடலோரச் சாலையில் வழி முழுக்க அவள் மூச்சு என் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. முடிவுக்கோடு தெரிந்ததும் நான் ஒதுங்கவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். ஒரு சைக்கிள் நீளத்தில் ஜெயித்தேன்.

மூச்சு அடங்குவதற்குள் புகார் வந்துவிட்டது. கடைசியில் நான் அவளை இடித்தேனாம். நடுவர்கள் அவளையே கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"ஆமா சார், இடிச்சா."

என்னை நீக்கினார்கள். ஒரு வருடம் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது என்றார்கள். அவள் தேசியப் போட்டிக்குப் போய்க் கடைசி சிலரில் ஒருத்தியாக வந்தாள். ஆனாலும் போய்வந்ததற்கே விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை கிடைத்தது.

தடை முடிந்ததும் டிராக்கில் இறங்கி அடுத்த தேர்வு ரேஸில் மறுபடி ஜெயித்தேன். "டீம் ஏற்கெனவே முடிவாயிடுச்சும்மா," என்றார் பயிற்சியாளர், என் முகத்தைப் பார்க்காமல். அத்தோடு விட்டுவிட்டேன். ஒரு தனியார் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன்.

சில வருடங்கள் கழித்து, தீபாவளிக் கூட்டத்தில், தி. நகர் துணிக்கடை வாசலில் அவளைப் பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அப்பா பக்கத்துலயே நின்னார்டி. நான் என்ன பண்ணுவேன்? அதெல்லாம் நீ மறந்திருப்பே, இல்லே?"

"மறக்கலை," என்றேன்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் பிடி மெல்லத் தளர்ந்தது. கையை உருவிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.