கேழ்வரகு நிறத்தில் ஒரு டிரைவர்

போன வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். அந்த நேரத்தில்தான் என் சுட்டுவிரல் ஒரு மனிதரின் கன்னத்தில் பட்டது.

தப்பாக நினைக்காதீர்கள். அந்த மனிதரின் முகமே ஒரு புளியங்கொட்டை அளவுதான். காக்கி அரைக்கைச் சட்டை. இடது கை ஸ்டியரிங்கில், வலது முழங்கை பஸ் ஜன்னலில். என் மகள் கயல் எபாக்ஸி களிமண்ணில் செய்து பெயின்ட் அடித்து வைத்திருந்த டிரைவர் பொம்மை.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கத்தான் தொட்டேன். வேறு எதற்கு? புதிதாகப் பெயின்ட் அடித்த கதவைத் தொட்டுப் பார்க்காமல் கடந்து போகிற ஆள் நம் ஊரில் உண்டா?

விரலை எடுத்தேன். கன்னமும் கூடவே வந்துவிட்டது.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தப் பத்திக்கே வேலை இல்லை. ஆனால், நான் பொறுப்பான தகப்பன் ஆயிற்றே! சரிசெய்யப் பார்த்தேன். மேஜைமேல் டர்பன்டைன் இருந்தது, பட்ஸ் இருந்தது. ஓரத்தை மட்டும் லேசாகத் துடைக்கலாம் என்று ஆரம்பித்தேன். மீசைக்கு மேல் இருந்த நிழல் போயிற்று. பிறகு மூக்கின் சிவப்பு. பிறகு நெற்றி... ஐந்து நிமிடத்தில் மனிதர் அடிப்பூச்சு மட்டும் மிஞ்சி, முட்டை ஓடு மாதிரி உட்கார்ந்திருந்தார்.

டீயோடு வந்த என் மனைவி சாந்தி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, அந்த மனுசனுக்கு ஃபேஸ் வாஷா போட்டு வுட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கயலைப் பற்றி இங்கே அவ்வப்போது புலம்பியிருக்கிறேன். கணக்கில் எம்.எஸ்சி. முடித்தவள். காலையில் ஆன்லைனில் பாடம் எடுக்கிறாள். மீதி நேரமெல்லாம் விரல் நீள மனிதர்களுக்குத் தோல் வரைகிறாள். "பொண்ணு என்ன பண்றாங்க?" என்று யாராவது கேட்டால் நான் முதல் பாதியை மட்டும் சொல்வேன்.

தோல் நிறம் என்று கடையில் ஒரு ட்யூப் விற்கிறார்கள். அதை அவள் தொடுவதே இல்லை. "அது பேண்ட்-எய்டு கலருப்பா. மனுசன் யாரும் அந்தக் கலர்ல இல்ல" என்பாள். காவி, செம்மண் பழுப்பு, கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை என்று கலக்குவாள். பச்சையா? ஆமாம், பச்சைதான். ட்யூபிலிருந்து பிதுக்கிய ஆயில் பெயின்ட்டை முதலில் அட்டைமேல் வைப்பாள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் பெயின்ட் மினுமினுக்காதாம், கொஞ்சம் சீக்கிரம் காயுமாம். சாந்தி சமையலறை மொழியில் இதைச் சுலபமாக விளக்குவாள் - "பஜ்ஜிய பேப்பர்ல வெச்சு எடுக்கறாப்புலதாங்க."

சீக்கிரம் என்றால் அவர்கள் கணக்கில் சீக்கிரம். ஆயில் பெயின்ட் காய நாள்கணக்காகும். அந்த ஈரம்தான் அதன் அருமையே என்கிறாள். கன்னத்தின் வெளிச்சமும் தாடையின் நிழலும் எங்கே சேர்கின்றன என்று தெரியாமல், உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி இழைத்துவிடலாமாம். என் விரலுக்கு இந்த அருமை முன்கூட்டியே தெரியவில்லை.

அந்த டிரைவர் கற்பனை ஆள் இல்லை. அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் பல வருடம் பஸ் ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு தவறிவிட்டார். அவருடைய மகள் மஞ்சுளாதான் பொம்மையைச் செய்யச் சொன்னது. திங்கட்கிழமை புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. அப்பாவின் படத்தைப் பெரிதாக ஃபிரேம் போட்டு வாங்கியும் ஆயிற்று. ஆனால் மஞ்சுளாவின் அம்மா அந்தப் படத்தை மாட்டவே விடுவதில்லையாம். பார்ப்பதுகூட இல்லையாம். சுவர்ப்பக்கம் திருப்பி பீரோ இடுக்கில் வைத்துவிட்டார்.

"அம்மாவுக்குத் தாங்கல சார். அழுகை வந்துரும்னு பாக்க மாட்டேங்கறாங்க. பஸ்ல உக்காந்தாப்ல இருந்தா பாப்பாங்களோ என்னமோ... அப்பா இல்லாம புது வூட்டுக்குள்ள எப்பிடி சார் காலெடுத்து வெக்கறது?" என்று என்னிடமே சொன்னார் மஞ்சுளா.

ஞாயிற்றுக்கிழமை காலை வாங்கிப் போக வருவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் முகத்தைத் துடைத்துவிட்டேன். புரிகிறதா, எனக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று?

சேலத்துக்கு பிரஷ் வாங்கப் போயிருந்த கயல் ஏழு மணி வாக்கில் வந்தாள். நான் கேட்டிலேயே நின்றிருந்தேன்.

"வந்துட்டியாம்மா? டீ போடட்டுமா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க டீ போடறீங்களா? அப்பா... என்னத்த ஒடச்சீங்க?"

பெண் பிள்ளையைக் கணக்கு படிக்க வைத்தால் இதுதான் தொல்லை.

மேஜையைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பொம்மையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நான் இதற்குள் மூன்று விதமான மன்னிப்பு தயார் செய்திருந்தேன். எதற்கும் வாய்ப்பு தரவில்லை.

"ஒண்ணு சொல்லட்டுமாப்பா? இந்த மூஞ்சி எனக்கே புடிக்கல."

"ஏன்? போட்டோவுல இருக்கற மாதிரியேதானே இருந்தது?"

"அதாம்ப்பா தப்பு."

மஞ்சுளா கொடுத்திருந்த படத்தின் பிரதியை எடுத்துக் காட்டினாள். லைசென்ஸ் போட்டோவைப் பெரிதாக்கி, யாரோ கைவரிசை காட்டியிருந்த படம். ரோஸ் நிறத்தில் ஒரு டிரைவர். நம் ஊரில் யார் வீட்டுக் கூடத்தில் வேண்டுமானாலும் பாருங்கள். மாலை போட்ட படங்களில் இருப்பவர்கள் எல்லாரும் காஷ்மீரில் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். கல்யாண ஆல்பத்தைக் கேட்கவே வேண்டாம். மஞ்சுளா அனுப்பிய செல்போன் படங்களும் அப்படியே. போனே தானாக முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டுவிடுகிறது.

"ஒருத்தர் பெயின்ட் அடிச்சதப் பாத்து நான் பெயின்ட் அடிச்சிருக்கேன். இதுல அவரு எங்க இருக்காருப்பா?" என்றாள்.

மஞ்சுளாவுக்கே போன் செய்தாள். நான் ஜாடை காட்டித் தடுத்தும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அப்பா என்னா கலருங்க்கா?"

மஞ்சுளா தடுமாறித் தடுமாறிச் சொன்னார்.

"மாநிறந்தாம்மா... இல்ல, அதவிடக் கொஞ்சம் கம்மி. சின்ன வயசுல சிவப்புன்னு அப்பாவோட ஆத்தா சொல்லும்... எப்பிடிச் சொல்றது? ஏம்மா, போட்டோவுல இருக்காப்லயே போட்டுரு. கறுப்பா கிறுப்பா போட்டு, அம்மா மனசு சங்கடப்படப் போவுது."

பெற்ற அப்பாவின் நிறத்தைக் கேட்டால் மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மஞ்சுளாவைக் குறை சொல்லவில்லை. உங்களைக் கேட்டால் சொல்லிவிடுவீர்களா? நம்மிடம் இருப்பதே மூன்று வார்த்தை. சிவப்பு, மாநிறம், கறுப்பு. நான்காவதாக மணமகன் தேவை விளம்பரத்தில் மட்டும் 'கோதுமை நிறம்' என்று ஒன்று வரும். கேழ்வரகு விளைகிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எல்லாரும் கோதுமை நிறத்தில் மாப்பிள்ளை தேடுகிறோம். கேழ்வரகு நிறத்தில் வேண்டும் என்று ஒரு விளம்பரமாவது பார்த்திருக்கிறீர்களா?

"அவங்கதான் போட்டோ மாதிரின்னு சொல்லிட்டாங்களேம்மா. அப்படியே போட்டுக் குடுத்துடேன்" என்றேன் நான்.

"காலைல பஸ் ஸ்டாண்டு போலாம்ப்பா" என்றாள். இது எனக்கான பதில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

சனிக்கிழமை காலை. அரூர் பஸ் நிலையம். கல்யாண வயதில் இருக்கும் என் மகள் ஒவ்வொரு பஸ் பக்கத்திலும் நின்று டிரைவர்களை முறைத்து முறைத்துப் பார்க்கிறாள். பக்கத்தில் நான். தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக்கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை. வந்தார்கள். என் அலுவலக நண்பரே வந்தார். "என்ன சார், ஊருக்கா?" என்றார். "இல்ல, சும்மா பாக்க வந்தோம்" என்றேன். அவர் பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

மலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர் கடைசியில் பொறுக்க முடியாமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்னாம்மா, அப்பலருந்து பாக்கற? கம்ப்ளெயின்ட் எழுதப் போறியா?"

"இல்லண்ணா. உங்க ரெண்டு கையும் கொஞ்சம் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்றீங்களா?"

"கிரீம் விக்கறியா? அதெல்லாம் நமக்கு வேணாம் தாயி."

நான் குறுக்கே புகுந்து பெயின்ட், பொம்மை, பால் காய்ச்சுவது என்று உளறிக் கொட்டினேன். கொட்டியதில் இறந்துபோன டிரைவரின் பெயரும் விழுந்தது. அதைக் கேட்டதும் இவர் முகம் மாறியது.

"அடடா... அவருக்கா? நான் அவருகிட்டதான மல ரோட்டுல கை பழகுனேன்!" என்றபடி இறங்கி வந்து, சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் சுருட்டிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

இத்தனை வருடம் பஸ்ஸில் போகிறேன். நான் பார்த்ததே இல்லை. இடது கை சாதாரண மாநிறம். வலது கை, சட்டை முடிகிற இடத்திலிருந்து விரல்வரைக்கும் வேறு ஆளுடையது. ஜன்னல் பக்கத்து வெயில் வருடக்கணக்காக ஏறி ஏறி, முற்றிய கேழ்வரகின் நிறம்.

"ரெண்டும் ஒரு தாய் வயித்துப் புள்ளைங்கதாம்மா. ஒண்ணு ஆபீஸ் வேல, ஒண்ணு காட்டு வேல" என்று சிரித்தார். "மூஞ்சியும் அப்பிடித்தான். இந்தப் பக்கம் பாரு."

கயல் பார்த்துக்கொண்டே இருந்தாள். படம் எடுக்கக்கூட இல்லை. போன் பவுடர் போட்டுவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்க்க மாடல் வேண்டுமாம்.

"அப்பா, அசையாதீங்க. உங்க தாடையில பச்சை சூப்பரா இருக்கு."

"எனக்கு எதுக்கும்மா பச்சை?"

"ஷேவ் பண்ணுன எடம் அப்பிடித்தாம்ப்பா இருக்கும். காது நல்ல செவப்பு. கண்ணுக்குக் கீழ ஊதா... ரொம்பக் கவலப்படறீங்க."

சாந்தி கதவருகே நின்று, "பொண்ணு பாக்க வந்தப்ப இந்தக் கலரெல்லாம் ஒண்ணும் எனக்குத் தெரியலயே" என்றாள்.

நான் அசையாமல்தான் இருந்தேன். ஆனால், உள்ளுக்குள் ஒரே கேள்வி. கேட்டது ரோஸ் நிறம். கொடுக்கப்போவது கறுத்த கை. நம் ஊரில் தவறிப்போனவரின் நிறத்தைக் குறைத்துக் காட்டுவது லேசான காரியமா? பால் காய்ச்சுகிற வீட்டில் அழுகையைக் கிளப்பிவிட்டால்? இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் "தாடைய ஆட்டாதீங்கப்பா" என்றாள்.

முகத்துக்கும் இரண்டு கைக்கும் மெல்லிசாக, பூச்சே தெரியாத அளவுக்குத்தான் பூசினாள். பிறகு பல்பு வெளிச்சத்தின் சூட்டில் வைத்து, மேலே ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்தாள். பெட்டியைக் கவிழ்க்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது தேவையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோ சத்தம் கேட்டது. மஞ்சுளா மட்டும் இறங்குவார் என்று பார்த்தால், பின்னாலேயே அவருடைய அம்மா இறங்கினார். மெலிந்த உருவம். சாம்பல் நிறச் சேலை.

"எங்க போறேன்னு கேட்டாங்க சார். பொய் சொல்ல வரல" என்றார் மஞ்சுளா கிசுகிசுப்பாக.

உட்காருங்கள் என்று சொல்வதை விட்டுவிட்டு, சுத்தமாக இருந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன் நான். சாந்திதான் "வாங்க, வாங்க" என்றாள்.

மஞ்சுளா பொம்மையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கயலின் காதருகே போய், "என்னாம்மா, போட்டோ மாதிரின்னுதான சொன்னேன்?" என்றார். கயலின் விரல்கள் துப்பட்டா நுனியை முறுக்குவதைப் பார்த்தேன். ஆக, அவளுக்கும் பயம்தான். என் பெண்தானே!

அந்த அம்மா யாரையும் பார்க்கவில்லை. மேஜையருகே போனார். குனிந்தார். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. ஜன்னலில் முழங்கை நீட்டியிருந்த வலது பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். மஞ்சுளா "அம்மா..." என்று தோளைத் தொடப் போனார். அந்தக் கையை விலக்கிவிட்டு, முகத்தைக் கண்ணாடிக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏங்க... அந்தக் கைய உள்ள வெச்சு ஓட்டுங்கன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன்?"