இரு பக்கமும் பேசியவர்

அடையாறில் எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் அவர். எந்தச் சண்டையையும் பேசித் தீர்த்துவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வார்.

மொட்டை மாடியில் நான் அமெரிக்க அடிமை முறையைப் பற்றிப் பேசிய மாலையில், கூட்டம் கலைந்ததும் கேட்டார்: "வடக்கும் தெற்கும் அத்தனை சமரசம் பேசியும் ஏன் சார் அங்கே உள்நாட்டுப் போர் வந்துது?"

"தப்பி வந்த அடிமையை, அடிமை முறை இல்லாத ஊர்க்காரங்களும் பிடிச்சுக் குடுக்கணும்னு சமரசத்துலயே சேர்த்தாங்க. அப்புறம் யாராலயும் ஒதுங்கி நிக்க முடியல."

தேய்த்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"மூணாவது மாடியில வேலைக்கு இருக்கிற பொண்ணு, போன மாசம் அடி தாங்காம என் வீட்டுக் கதவைத் தட்டுச்சு. ரெண்டு பக்கமும் பேசி நான்தான் திருப்பி அனுப்பினேன்."

"இப்போ எப்படி இருக்கா?"

"தெரியல சார். கேக்கவே பயமா இருக்கு."

இருவரும் படியில் இறங்கினோம். மூன்றாவது மாடியில் அந்த வீட்டு விளக்கு எரிந்தது. அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. செருப்புச் சத்தம் கேட்காமல் கடந்தோம்.