போணி ஆகும்வரை டீ கிடையாது

எனக்குக் காலையில் சிரிக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. மதுராந்தகத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, செங்கல்பட்டில் இறங்கி, மாடியேறி ஆபீசுக்குள் நுழைந்தால் பக்கத்து சீட்டுக்காரியின் குரல்தான் முதலில் வந்து மோதும்.

"இன்னாக்கா, மூஞ்ச உம்முனு வச்சிகினு வர? பஸ்ல சீட்டு கெடைக்கலயா, மாமாவோட சண்டயா?"

இரண்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை இழுப்பேன்.

படூர்ப் பக்கம் கட்டுகிற அடுக்குமாடி வீடுகளைப் போனில் விற்பது எங்கள் வேலை. கூப்பிட்டுப் பேசி, ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்க வரச் சம்மதிக்கவைக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். அன்றைக்கு முதல் ஆள் வருகிறேன் என்று சொல்வதுதான் எங்களுக்குப் போணி. போணி ஆகும்வரை யாரும் டீ குடிக்கக் கூடாது. இந்த வழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஆரம்பித்தானோ, அவன் தலையில் இடி விழ! முதல் போனை எப்போதும் அவள்தான் போடுவாள். அவளுக்கு வாய்ராசி என்று மேனேஜர்கூட நம்பினார். நான் நம்பவில்லை. ஆனால் அவள் லீவு போட்ட அன்று டீயில்லாமல் மண்டை வெடித்ததும் எனக்குத்தான்.

"எங்கம்மா கொரல்கா இது. ஊரான் கழனியில நாத்து நட்டுகினே கூப்புடும், ரோட்டுல போற பஸ்ஸு நிக்கும்" என்பாள்.

ஒருநாள் மாமல்லபுரத்தில் ஒரு கடைக்காரரைப் பார்க்க எங்கள் இருவரையும் அனுப்பினார்கள். வீடு வாங்குவதாகச் சொல்லியிருந்த மனிதர், வாசல்படி ஏறவிடாமலே விரட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. இவள் "சரி சார், சாப்டு தூங்குங்க" என்று சிரித்துவிட்டு வருகிறாள்!

"உனக்குச் சூடு சொரணையே கெடையாதாடி?" என்று நடுரோட்டில் கத்திவிட்டேன்.

அவள் என்னைக் கடற்கரைக்கு இழுத்துப்போய், மிளகாய்த்தூள் போட்ட மாங்காய் வாங்கிக் கொடுத்தாள். பிறகு என் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். உள்ளே கோலிகுண்டு மாதிரி ஒரு கட்டி உருண்டது.

"வர்ற வாரம் ஆபரேசன்கா. கட்டி பெருசா கீதாம், கொரல் நரம்போட ஒட்டிகினு கீதாம். எடுத்தே ஆவணும். கொரல் பழையபடி வரும்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு."

பேசிப் பிழைக்கிறவளுக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? "தெரிஞ்சுமாடி இப்படிச் சிரிக்கிற?" என்றேன்.

"அழுதா கட்டி கரைஞ்சிடுமா? கரையும்னா சொல்லு, இங்கயே குந்திகினு அழுவுறேன்."

சொல்லிவிட்டு என் மாங்காயையும் பிடுங்கித் தின்றாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு நெஞ்சு உண்டா!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது வெறும் காற்றுதான் வந்தது. அதிலும் என்னவோ கேலி செய்து சிரித்தாள். தோள் குலுங்கியது, சத்தமே இல்லை.

அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மேனேஜர் தயங்கித் தயங்கி, "கொஞ்ச நாளைக்கு உள்ரூம்ல ஃபைல் வேலை பாரும்மா" என்றார். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அந்த உள்ளறைக்குப் போனவர்கள் யாரும் விற்பனைக்குத் திரும்பியதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, காற்றுக் குரலிலேயே கிசுகிசுத்தாள். "ஒரே ஒரு போன் சார். போணி ஆவலன்னா நானே உள்ள போய்க்கிறேன்."

ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எண்ணை அழுத்தினாள். நாங்கள் யாரும் மூச்சு விடவில்லை. எடுத்தவர் கொஞ்சம் கேட்டுவிட்டு எரிந்து விழுந்தார். "யாரும்மா நீ? எதுக்குக் குசுகுசுன்னு பேசுற?"

முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கார்னர் வூடு சார், ஒண்ணே ஒண்ணுதான் கீது. சத்தமா சொன்னா பக்கத்து சீட்டு அக்கா அவங்க கஸ்டமருக்குத் தள்ளிவுட்ரும். பொல்லாத பொம்பள."

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். போனில் அந்த மனிதரும் குரலைத் தாழ்த்தி, அவளைப் போலவே கிசுகிசுத்தார். "ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கும்மா வரட்டும்?"

மேனேஜர் டீக்காரருக்குக் கைகாட்டினார். எனக்குக் கண் தளும்பிவிட்டது. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கோபமாக இருப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து காதருகே குனிந்தாள்.

"இன்னாக்கா, மூஞ்ச உம்முனு வச்சிகினு கீற?"

எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும், "கேக்கல, இன்னொரு வாட்டி சொல்லுடி" என்றேன்.