பன்னிரண்டாவது நாற்காலி

உங்கள் காலை நீங்கள் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தீர்கள்?

முகத்தைத்தான் சும்மா சும்மா பார்த்துக்கொள்கிறோம். லிஃப்ட் கண்ணாடி, பைக் கண்ணாடி, செல்போன்... எதையும் விடுவதில்லை. கால், பாவம். வலித்தால்தான் அதன் ஞாபகமே வருகிறது.

நான் சமீபத்தில் ஒரு வாரம் முழுக்கக் கால் நினைப்பாகவே அலைந்தேன். என் கால் இல்லை. காசிமேட்டில் மீன் வெட்டும் பிலோமினாவின் கால்.

விஷயம் இதுதான். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமையைப் பெரிய வியாழன் என்போம். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, அன்று மாலைப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு பேசின், ஒரு சொம்பு, ஒரு வெள்ளைத் துண்டு. ராயபுரம் பக்கம் இருக்கிற எங்கள் சின்னக் கோயிலிலும் வருஷா வருஷம் நடக்கிறது.

அந்தப் பன்னிரண்டு பேர் யார்? அதற்கு ஒரு எழுதாத சட்டம் உண்டு. கமிட்டிக்காரர்கள், ரிட்டயர்டு ஆபீசர்கள், மைக் செட் வாங்கிக் கொடுத்தவர்... எல்லோரும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஒரு வேடிக்கை. அத்தனை பேரும் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர் போட்டு, சாக்ஸும் மாட்டிக்கொண்டு வருவார்கள். ஃபாதர் கழுவப்போகிற காலில் அழுக்கு இருக்கலாமா? அவர் என்ன நினைப்பார்?

சிரிக்காதீர்கள். பல் டாக்டரிடம் போகிற அன்றைக்குத்தானே நீங்களும் இரண்டு தடவை பல் தேய்க்கிறீர்கள்?

இந்த வருஷம் புது ஃபாதர் வந்திருக்கிறார். ஒல்லியான மனுஷர், சத்தமாகக்கூடப் பேச மாட்டார். ஆனால் வந்ததும் வராததுமாக ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கோயிலைச் சேர்ந்த பன்னிரண்டு தெருக்களில் ஒவ்வொன்றும் சீட்டுக் குலுக்கி ஒரு ஆளை அனுப்ப வேண்டும் — ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. எங்கள் தெருவுக்குப் பொறுப்பாளர் நான்தான். எழுதுகிறவளுக்கு வேறென்ன வேலை இருக்கப்போகிறது என்று ஊரே நம்பிக்கொண்டிருப்பதால் இந்தப் பதவிகள் எல்லாம் தானாக என்னிடம் வந்து சேரும்.

எவர்சில்வர் டம்ளரில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினேன். எடுத்துப் பிரித்தேன். பிலோமினா.

வந்திருந்த தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் இருமினார். ஒரு அம்மா, சரியாகக் குலுக்கவில்லையோ என்னவோ, இன்னொரு தடவை குலுக்கிப் பார்க்கலாமே என்று ரொம்பப் பதமாகச் சொன்னார்.

பிலோமியை உங்களுக்குத் தெரியாது. துறைமுகத்தில் அவள் குரல் கேட்டால் காக்காய்கூட கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும். பேரம் பேச வருகிறவர்களின் பரம்பரையையே விசாரித்து அனுப்புவாள். விடிவதற்கு முன் போய் உட்கார்ந்தால் மத்தியானம் வரை ஐஸ் தண்ணீரும் உப்புமாக நிற்கிற இடம். எந்த சோப்புக்கும் போகாத மீன் வாடை.

அந்த வாடைதான் பிரச்சினை. சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை நடக்கும்போது அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விட்டார். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற பிலோமி அன்று வாயே திறக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கோயிலுக்கு வெளியே, படியில், லவுட்ஸ்பீக்கருக்குக் கீழே உட்கார்ந்து பூசை கேட்க ஆரம்பித்தாள். ஏன் என்று கேட்டால் வெளியேதான் காற்று வருகிறது என்பாள். எங்களுக்கும் அது வசதியாகப் போயிற்று. யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

சொல்வதற்கு நானே துறைமுகத்துக்குப் போனேன். அருவாமனை முன்னால் உட்கார்ந்து ஒரு சங்கரா மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கலாய்க்காத ரைட்டரம்மா" என்றாள்.

மாதா மேல் சத்தியம் செய்த பிறகுதான் கை நின்றது. மெதுவாகக் குனிந்து தன் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குதிகால் முழுக்கக் கறுத்த வெடிப்பு. வலது கட்டைவிரலில் நகமே கிடையாது. ஐஸ் பெட்டி விழுந்து போனது.

"செருப்பு போட்டுகினே கழுவ மாட்டாங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு சின்னக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

ஆனால் பயம் ஒரு பக்கம் இருந்தாலும் சந்தோஷத்தை அவளால் அடக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் துறைமுகம் முழுக்கச் செய்தி போய்விட்டது. ஐஸ் கடை காதர் பாய், டீக்கடைக்காரர், கூட உட்கார்ந்து மீன் வெட்டுகிற பெண்கள்... வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் ஒவ்வொருவரையும் கூப்பிட்டிருக்கிறாள்.

இந்தப் பக்கம் கமிட்டி செயலாளர் லாரன்ஸ் சார் எனக்கு போன் செய்தார். மணலியில் பெரிய வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். தங்கமான மனிதர், ஆனால் எல்லாமே ஒழுங்காக நடக்கவேண்டும் அவருக்கு. பிலோமினாவுக்கே கூச்சமாக இருக்குமே, வேண்டுமானால் உங்கள் தெரு சார்பில் நானே உட்கார்ந்துவிடுகிறேனே என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்களுக்கு வருஷா வருஷம் கழுவுறாங்களே சார், இன்னுமா அழுக்கு போகல?" என்று கேட்க நாக்கு வரை வந்தது. வந்ததை எதற்கு அடக்க வேண்டும் என்று கேட்டும்விட்டேன்.

கேட்டுவிட்டேனே தவிர, போனை வைத்ததும் எனக்கும் உதைப்புத்தான். அந்தக் காலையா அத்தனை பேர் முன்னால்...? வியாழக்கிழமை மத்தியானம், வேலை முடித்து வந்தவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் தெரு முனையில் இருக்கும் நஸ்ரீனின் பியூட்டி பார்லருக்குப் போனேன்.

நஸ்ரீன் கெட்டிக்காரப் பெண். முகம் சுளிக்காமல் காலை வெந்நீரில் ஊற வைத்தாள். எலுமிச்சம்பழம், கல், பிரஷ், பேர் தெரியாத க்ரீம் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். பிலோமிக்குக் கூச்சம் தாங்கவில்லை. அவள் சிரித்த சிரிப்பில் ஃபேஷியல் போட்டுக்கொண்டிருந்த கஸ்டமர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நெயில் பாலிஷ் பாட்டில்களை எல்லாம் வரிசையாகப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பளீரென்ற சிவப்பை எடுத்துக் கொடுத்தாள் பிலோமி. நகம் இல்லாத விரலுக்கும் சேர்த்து ஒரு சொட்டு வைக்கச் சொன்னாள். நஸ்ரீனும் வைத்தாள்.

கால் என்னவோ பார்க்கிற மாதிரி ஆகியிருந்தது. நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் போன் அடித்தது.

மீன்பிடி லாஞ்ச் இரண்டு வந்திருக்கிறதாம். நிறைய மீனாம். மறுநாள் பெரிய வெள்ளி, கறி ஆகாது, ஊரே மீன் வாங்கும். ஆள் பத்தவில்லை. பிலோமி எழுந்துவிட்டாள். நான் கெஞ்சினேன், திட்டினேன். பிழைப்பு இருக்கிறதே என்றாள். அஞ்சு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அந்தச் சிவப்பு நகங்களோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போயே போய்விட்டாள்.

அஞ்சு ஆயிற்று. ஆறும் ஆயிற்று. பூசை தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். பதினோரு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பன்னிரண்டாவது காலி. முதல் பெஞ்சில் லாரன்ஸ் சார், எதற்கும் இருக்கட்டும் என்று சாக்ஸைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

நான் வெளியே ஓடினேன். கோயிலுக்குப் பக்கவாட்டில் இருக்கிற குழாயடியில் நின்றிருந்தாள் பிலோமி. லாஞ்சிலிருந்து நேராக வந்த கோலம். முழங்கால் வரை செதில், ரத்தம், சேறு. குழாயைத் திருகித் திருகிப் பார்க்கிறாள்... காற்றுதான் வருகிறது. எங்கள் ஏரியா குழாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

"நா போறேன் ரைட்டரம்மா. இந்தக் கலீஜ் காலோட எப்டி உள்ள வர்றது? சாரையே குந்தச் சொல்லு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கையைப் பிடித்தேன், உதறினாள். விடுவிடுவென்று கேட்டைப் பார்த்து நடந்தாள்.

கேட்டுக்குப் பக்கத்தில் போய் அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியே துறைமுகமே நின்றுகொண்டிருந்தது. காதர் பாய் வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரி வந்திருக்கிறார். டீக்கடைக்காரர் கடையையே சாத்திவிட்டு வந்துவிட்டார். மீன் வெட்டுகிற பெண்கள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, யாராவது உள்ளே கூப்பிடுவார்களா என்று தயங்கித் தயங்கி நிற்கிறார்கள். அத்தனை பேரும் அவளுக்காக வந்தவர்கள். அவர்களைத் தாண்டி எப்படி வீட்டுக்குப் போவாள்?

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டி, "வாங்க, உள்ள எடம் கீது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக உள்ளே போய், அந்தப் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னாலேயே காதர் பாயும் மற்றவர்களும். லாரன்ஸ் சார் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து, தன் பெஞ்சையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றார். சொன்னேனே, தங்கமான மனிதர்.

ஃபாதர் மண்டியிட்டுக் கழுவிக்கொண்டே வந்தார். முதல் ஆள், இரண்டாவது ஆள்... எல்லாம் பவுடர் வாசனை. சொம்பில் கொஞ்சம் தண்ணீர், துண்டால் ஒரு ஒற்று, அடுத்த ஆள். ஷூ கடையில் அளவு பார்க்கக் கொடுப்பதுபோல் ஒவ்வொருவரும் காலை நீட்டினார்கள். பதினோரு பேர் முடிந்தும் பேசினில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

ஃபாதர் பிலோமிக்கு முன்னால் வந்து மண்டியிட்டார். அவள் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"வேணா சாமி. நாறும்."

மைக் பக்கத்தில் இருந்தது. கோயில் முழுக்கக் கேட்டது. இயேசு கழுவிய அன்றைக்கும் ஒரு சீடர் இப்படித்தான், என் காலை நீங்கள் கழுவவே கூடாது என்று மறுத்தாராம். பன்னிரண்டு பேரில் ஒருத்திக்காவது அது தோன்றியதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபாதர் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"நீட்டுங்கக்கா. எனக்கு முட்டி வலிக்குது."

அதுவும் மைக்கில் கேட்டது. கோயிலே சிரித்தது. பிலோமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடே காலை நீட்டினாள்.

அப்புறம் பாருங்கள்... அதுவல்லவா கழுவுதல்! சொம்பு சொம்பாக ஊற்றினார். பேசின் கலங்கிப் போய், தண்ணீரை மாற்றிக் கொண்டுவரச் சொன்னார். குதிகால் வெடிப்பை விரலால் தடவித் தடவிக் கழுவினார். பாட்டுக் குழு வைத்திருந்த சரணம் எல்லாம் தீர்ந்து, திரும்ப முதலிலிருந்து பாட ஆரம்பித்தது. ஒவ்வொரு விரலாகச் சிவப்பு வெளியே வந்தது — நகம் இல்லாத விரலில் வைத்த அந்த ஒரு சொட்டும்.

துடைத்துவிட்டுக் குனிந்து அந்தக் காலை முத்தமிட்டார். அவர் நிமிர்ந்தபோது கன்னத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. பிலோமி சட்டென்று குனிந்து, பெற்ற பிள்ளைக்குச் செய்வதுபோல், அதை விரலால் எடுத்துவிட்டாள்.

நான் அழுதேன். மறைப்பானேன், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். காதர் பாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். பதினோரு பேருக்கு ஃபாதர் தண்ணீர் ஊற்றினார், கழுவியது ஒருத்திக்குத்தான். கழுவப்படுவதற்கே தகுதி வேண்டும் என்று நினைத்து, எலுமிச்சம்பழத்தோடு ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டியவள் நான். கடவுள் ஒரு ஆளை உண்டாக்கி அனுப்பும்போதே மதிப்பைப் போட்டுத்தான் அனுப்புகிறார். நாம்தான் நடுவில் புகுந்து, நம்முடைய மூக்கை வைத்துக்கொண்டு மறுமதிப்பீடு செய்கிறோம். அவர் போட்ட மதிப்பெண்ணைக் குறைக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஈஸ்டர் பூசைக்கு பிலோமி உள்ளே வந்தாள். படியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். முன் பெஞ்சிலிருந்து ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். பிலோமி பெரிதாகச் சிரித்து ஈஸ்டர் வாழ்த்து சொன்னாள். அந்த அம்மாவுக்கும் வேறு வழியில்லை, சிரித்தார்.

பூசை பாதியில் ஒரு சின்னச் சடங்கு வரும். ஃபாதர் பீடத்தின் ஓரத்துக்கு வந்து கையை நீட்டுவார்; பக்கத்தில் நிற்கிறவர் விரல் நுனியில் கொஞ்சூண்டு தண்ணீர் ஊற்றுவார். இத்தனை வருஷம் லவுட்ஸ்பீக்கரில் பூசை கேட்டவளுக்கு இதெல்லாம் மறந்தே போயிருக்கும். கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு என் காதுக்குள் குனிந்தாள்.

"இன்னா ரைட்டரம்மா, என் காலுக்கு சொம்பு சொம்பா ஊத்தினாரு... தன் கைக்கு நாலு சொட்டுதான் ஊத்திக்கிறாரு!"