பீப் அடிக்காத மீட்டர்

வீட்ல நானே அசெம்பிள் பண்ற ஆம்ப்ளிஃபயருக்காக இன்னைக்கு ஸ்ரீபெரும்புதூர்ல மல்டிமீட்டர் வாங்கப் போனேன்.

"இன்னா வேலைக்கும்மா? ஆடியோவா? அப்ப கெபாசிட்டர் அளக்கிறதா பாத்து எடு" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். "சிவப்பு, கருப்பு முனை ரெண்டையும் சேத்துப் பாரு. சிலது யோசிச்சுத்தான் கத்தும். இது தொட்டவுடனே கத்தும்."

தொட்டேன். பீப்.

என் இடது கை முனையைக் கீழே வச்சிட்டு, மீட்டரை இடது பக்கமா தள்ளிடுச்சு. நான் தள்ள நினைக்கவே இல்ல.

ஆறு வருஷம் இங்க ஒரு கம்பெனியில சர்க்யூட் போர்டு டெஸ்டிங் பண்ணேன். பீப் வந்தா நல்ல போர்டு, இடது பக்கத்து சீட்டுக்குத் தள்ளணும். கம்பெனியை மூடிட்டாங்க, இப்ப அந்த கேட்டுக்குள்ள ஆளுயரத்துக்குப் புல்லு. கைக்கு அது இன்னும் தெரியல.

அதுகூடப் பரவாயில்ல. இடது பக்கம் பல்பு வாங்க நின்ன அக்கா, என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம கையை நீட்டி மீட்டரை வாங்கிக்கிட்டாங்க.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினாங்க.

"கம்பெனியில எந்த லைன்கா?" என்றேன்.

"ரெண்டு. நீ எதுல?"

"நாலு."

அக்கா மீட்டரைத் திருப்பிக் கொடுத்துட்டு, பல்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. கடைக்காரர் என் கையையே பாத்துக்கிட்டிருந்தார்.

நான் மீட்டர் வாங்கல. பீப் சத்தத்தை நிறுத்தி வைக்கிற மாடல் தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க. வீட்டு மேஜையில எனக்கு இடது பக்கம் யாரும் இல்ல, சுவருதான்.