வெள்ளை ஒயினுக்கு ஏற்ற மீன்

தான் வாயில் வைத்துப் பார்க்காத பண்டத்தை நாலு பேருக்கு நல்லபடியாகச் சொல்லத் தெரிந்தவன்தான் ஓட்டலில் பரிமாற லாயக்கு. இந்தத் தொழிலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில், பார் வைத்த ஒரு லாட்ஜ் ஓட்டலில் நான் கேப்டனாக இருந்தேன். கேப்டன் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கழுத்தில் ஒரு டை, கையில் ஆர்டர் நோட்டு, அவ்வளவுதான்.

ஊரெல்லாம் 'ஒயின்ஸ்' என்று போர்டு தொங்கிய காலம் அது. உள்ளே போனால் பிராந்தியும் பீரும் இருக்கும், ஒயின் இருக்காது. எங்கள் ஓட்டலுக்கு மட்டும் ஒருநாள் ஒரு பெட்டி வெள்ளை ஒயின் வந்து இறங்கியது. ஊரில் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை, வைத்திருந்த ஒரு அண்ணாச்சி இத்தாலியிலிருந்து மெஷின் வரவழைத்திருந்தார். அதை மாட்டிக் கொடுக்க வரும் இன்ஜினியர் எங்கள் லாட்ஜில் ஒரு மாதம் தங்குவார், சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பார் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

தக்கை

பாட்டிலைத் திறக்க முடியவில்லை. அதுவரை நாங்கள் திருகித் திறந்த மூடிகளைத்தான் பார்த்திருக்கிறோம். இதில் தக்கையை அடித்து இறக்கியிருந்தார்கள். எதிர்த்தாற்போல் லேத் பட்டறை வைத்திருந்தவரிடம் ஒரு பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தக்கையை அமுக்கிப் பார்த்தார், கம்பியைச் சுருட்டினார், முனையை ராவினார், மேலே ஒரு குறுக்குப்பிடி வைத்து வெல்டு அடித்தார். முதல் தடவை பாதித் தக்கை உள்ளே விழுந்தது. அடுத்த பாட்டிலில் முழுசாக வெளியே வந்தது.

கூலியாக ஒரு வாய் கேட்டார். கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். லேசான மஞ்சள், வெயிலில் பிடித்தால் கொஞ்சம் பச்சையடித்தது. ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை லேத் மேல் வைத்தார். "இம்புட்டு பாடுபட்டுத் திறந்தது இதுக்குத்தானா, தம்பி?"

முதல் வாடிக்கை

திறந்த பாட்டிலை வைத்திருக்க முடியாது. வழக்கமாக வரும் பருத்தித் தரகர் ஒருவருக்கு, புதுச் சரக்கு என்று சொல்லிப் பரிமாறினேன். பெட்டியோடு வந்த சீட்டில் மீன், கோழி, பச்சைக் காய்கறி எல்லாம் சேரும் என்று போட்டிருந்தது. அவர் கேட்டது மட்டன் சுக்கா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிளகாய்க் காரம் ஏறின நாக்கில் ஒயின் தண்ணீராக இறங்கியிருக்க வேண்டும். வாயை மாற்ற, சட்டைப் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்துக் கடித்துவிட்டு இன்னொரு மிடறு குடித்தார். இனிப்புக்கு மேலே குடித்தால் இந்த ஒயின் காடியாகப் புளிக்கும் என்று அப்போது எனக்கே தெரியாது.

நல்ல மனுஷர். கோபப்படவில்லை. கிளாஸை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "குறை சொல்லுதேன்னு நினைக்காதீங்க தம்பி. இது இன்னும் கொஞ்சம் பழுக்கணும்."

மீசை வைத்த மீன்

இத்தாலிக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வந்த நாலு நாளும் ரொட்டியும் வாழைப்பழமும்தான். குழம்பு பக்கத்தில் வந்தாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். ஐந்தாம் நாள் உடம்பு முடியவில்லை, மெட்ராஸுக்குத் திரும்பிப் போகிறேன் என்றுவிட்டார். மெஷின் இன்னும் மரப்பெட்டியை விட்டே முழுசாக வெளியே வரவில்லை. அவர் வாய்க்கு ஏற்றபடி ஏதாவது செய்து போடச் சொல்லி, தீப்பெட்டி ஆபீஸ் அண்ணாச்சி எங்கள் அடுக்களை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் மாஸ்டர் சுடலைமுத்து மது தொடாதவர். ஒயின் பாட்டிலை வாங்கி மோந்து மட்டும் பார்த்தார். "எலுமிச்சங்கா வாசம் அடிக்குது. புளியும் மிளகா வத்தலும் இதுகூடச் சேராது. காய்ச்சக்காரனுக்குக் குடுக்குத மாதிரி செய்வோம்" என்றார். மறுநாள் காலை தூத்துக்குடி பஸ்ஸில் ஐஸ் வைத்து நகரை மீன் வந்தது. செக்கச் செவேலென்று சின்ன மீன். தாடைக்குக் கீழே மீசை மாதிரி இரண்டு இழை தொங்கும். உப்பு, மிளகு, கொஞ்சம் வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டி, எலுமிச்சை பிழிந்தார். பக்கத்தில் வெள்ளரிக்காய். மீன் வந்த ஐஸிலேயே பாட்டிலைப் புதைத்துக் குளிர வைத்தேன்.

இத்தாலிக்காரர் முதல் மீனின் தாடையை முள்கரண்டியால் தூக்கிப் பார்த்தார். சாப்பிடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஆறு மீனையும் முள் மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டார், ஒயினைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொன்னது இது: "எங்க ஊர்லயும் இதுக்கு இதே மீசைதான். எங்க அம்மா செய்வாங்க."

மாஸ்டரின் கத்தி

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவருக்குத் தனிச் சமையல். ஒருநாள் மீன், ஒருநாள் மிளகு போட்டு அவித்த கோழி. மெட்ராஸ் பேச்சே எழவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு ஒன்று தெரிய வந்தது. அந்த மெஷின் செய்யப்போவது கட்டை அடுக்குகிற வேலை. குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்கும் அந்த வேலையை அதே ஆபீஸில் கையால் செய்துகொண்டிருந்தவர்களில் ஒருத்தி மாஸ்டரின் மனைவி சண்முகக்கனி.

மாஸ்டர் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "தெரிஞ்சேதான் இப்படிப் பக்குவமா ஆக்கிப் போடுதீங்களா?" அவர் கத்தி நிற்கவில்லை. செதிலை வழித்துக்கொண்டே சொன்னார். "பசியோட வந்தவன்ட்ட, நீ என்ன சோலிக்கு வந்தேன்னு கேட்டுட்டா தம்பி அடுப்புல சட்டி வைக்க முடியும்?"

பேச்சுத் துணை

வேலை முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் இத்தாலிக்காரர் பாட்டிலோடு அடுக்களைக்கே வந்துவிட்டார். மாஸ்டர் கும்பிட்டுவிட்டு, மோர் ஊற்றிய டம்ளரை எடுத்துக்கொண்டார். நான்தான் நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்கு மொழிமாற்றிச் சொன்னேன். வீட்டில் எத்தனை பேர், மனைவி என்ன செய்கிறார் என்று இத்தாலிக்காரர் மாஸ்டரைக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை, உள்ளதைச் சொன்னேன். கிளாஸைக் கீழே வைத்தவர் அதை மறுபடி எடுக்கவில்லை.

மறுநாள் அவர் கிளம்பவில்லை. வளைந்த குச்சி வந்தால் மெஷின் மாட்டிக்கொள்ளும், குச்சி பழகிய கை ஒன்று பக்கத்திலேயே வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொல்லி, சண்முகக்கனியைப் பெயர் சொல்லிக் கேட்டு, மூன்று நாள் கூடத் தங்கிக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். அவளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து அடுக்கியவர்களில் இரண்டு மூன்று பேருக்குப் பேக்கிங்கில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் மாஸ்டருக்குச் சோறு கொண்டுவந்த சண்முகக்கனியிடம், மெஷின் எப்படி இருக்கு மதினி என்று கேட்டேன். "அது நல்லாத்தான் ஓடுது தம்பி. பக்கத்துல பேச்சுக்குத்தான் ஆள் இல்லை."

எதோடு எது சேரும் என்று சொல்வது மட்டும்தான் எங்கள் வேலை. சேர்ந்த பிறகு நடப்பதை எழுதிவைக்கப் புகார்ப் புத்தகம் எந்த ஓட்டலிலும் கிடையாது.