மோவாயில் இருந்த தழும்பு

கணினியின் முன்னால் முதன்முதலாக உட்கார்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து மூன்றா நான்கா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வளைகுடாவில் சாரதியாக இருந்த என் தம்பி விடுமுறையில் வந்தபோது ஒரு டிஜிட்டல் கமரா கொண்டுவந்தான். குளிக்கும் சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். பிலிம் வேண்டாம், எத்தனை படமும் எடுக்கலாம், பிடிக்காததை அழித்துவிடலாம் என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு அவன் திரும்பிப் போய்விட்டான். எடுத்த படங்களை என்ன செய்வது என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அதற்காகத்தான் சனிக்கிழமைகளில் ரயிலேறி ஹட்டனுக்குப் போகத் தொடங்கினேன். ஒரு துணிக்கடையின் மாடியில் கணினி வகுப்பு நடந்தது. கடைக்காரரின் மகள்தான் அங்கே சொல்லிக்கொடுத்தாள். இருபத்திரண்டு வயது முஸ்லிம் பெண். மற்ற மாணவர்கள் எல்லாரும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்கள். அவர்களுக்கு நடுவில் நான் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மௌஸைப் பிடித்தால் உள்ளங்கை வேர்க்கும். திரையில் மணற்கடிகாரம் தோன்றி நின்றுவிட்டால் நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று மௌஸிலிருந்து கையை எடுத்துவிடுவேன். பாடசாலையில் பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போட்டால் எத்தனை முறை அதட்டியிருக்கிறேன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரும்.

படம் திருத்தும் மென்பொருள் முழுக்க ஆங்கிலம். ஒரு கட்டளை எந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் வகுப்பு நேரம் முடிந்துவிடும். கொப்பியில் அம்புக்குறி போட்டு எழுதிக்கொண்டு வந்து வீட்டில் மனப்பாடம் செய்தேன். வீட்டில் கணினி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, முதலில் இதை அழுத்து, பிறகு அதை அழுத்து என்று சொல்லிப் பார்ப்பேன். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டர் மாதிரிப் படம் போட்ட ஒரு கருவியை அந்தப் பெண் காட்டினாள். முகத்திலுள்ள பருவின் மீது அதைத் தேய்த்தால் பரு காணாமல் போனது. பக்கத்துத் தோலின் நிறம் வந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது. அன்று வீடு திரும்பும்போது ரயிலில் எதிரே இருந்தவர்களின் முகங்களை எல்லாம் அந்தக் கருவியின் கண்ணால்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டியிருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு அது இல்லாமல் போனால் பெரிய கரைச்சல். பத்தொன்பது பிள்ளைகள். படம் பிடிக்க ஒவ்வொருவரும் டவுனுக்குப் போக வேண்டும், கூட அம்மாவோ அப்பாவோ வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். நானே எடுத்துத் தருகிறேன் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. பாடசாலை அதிபர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் இரண்டு முறை யோசிப்பவர். செய்யலாமா என்று மட்டும் கேட்டார். செய்யலாம் என்றேன்.

வகுப்பறைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் பத்தொன்பது பேரையும் எடுத்தேன். சனிக்கிழமை ஹட்டனில் படங்களைக் கணினியில் ஏற்றினேன். கமராவின் நினைவக அட்டையில் இடம் குறைவு என்பதால் ஏற்றியவுடன் அதிலிருந்தவற்றை அழித்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு முகமாக எடுத்து வேலை செய்தேன். துணியின் சுருக்கங்களை நீக்கினேன். வெளிச்சம் கூட்டினேன். முகப்பருக்களை எடுத்தேன். ஒரு பிள்ளையின் மோவாயில், உதட்டுக்குக் கீழே தொடங்கி ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுத் தழும்பு இருந்தது. அதற்கு மேலாகவும் பிளாஸ்டரைக் கொண்டுபோனேன். மூன்று தேய்ப்பு. சுத்தமாகப் போய்விட்டது. செய்ததை நானே ரசித்தேன் என்பதை மறைக்க முடியாது. சேமிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.

எல்லாவற்றையும் அங்கேயே அச்சடித்து, திங்கட்கிழமை ஆளுக்கொரு பிரதியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். எல்லாரும் ஒருவர் படத்தை ஒருவர் பிடுங்கிச் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் தன் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை இடைவேளையில் அதிபர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். மேசையில் விண்ணப்பங்கள் அடுக்கியிருந்தன. ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது.

"டீச்சர், இந்தப் பிள்ளையின்ர நாடியில ஒரு தழும்பு இருக்கல்லோ? இதில காணேல்ல."

நான்தான் எடுத்தேன், படம் நன்றாக இருக்கட்டும் என்று எடுத்தேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பேனாவை மூடி வைத்தார். "இது இந்தப் பிள்ளைதான் எண்டு நான் கீழ கையெழுத்து வைக்க வேணும். இதில இருக்கிறது வேற ஒரு பிள்ளை. எப்பிடி நான் வைக்கிறது?"

விண்ணப்பங்கள் அடுத்த திங்கட்கிழமை கொழும்புக்குத் தபாலில் போக வேண்டும். பழைய படத்தை எடுத்து வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அஞ்சலகத்துக்கு ஓடிப்போய் வகுப்புப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் கணினியில் தேடிப் பார்த்தாள். திருத்திய படம் மட்டும்தான் இருந்தது. பழையதன் மேலேயே சேமித்துவிட்டிருந்தேன். வேறு பெயரில் சேமிக்க வேண்டும் என்று முதல் வாரமே சொல்லியிருந்தாள். என் கொப்பியிலும் அது இருந்தது, சிவப்பு மையில் கோடு போட்டு.

மீண்டும் படம் எடுப்பதைத் தவிர வழியில்லை. புதன்கிழமை கமராவோடு போனேன். அந்தப் பிள்ளை வரவில்லை. வியாழனும் வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ, திரும்ப எடுக்க வேண்டுமாம் என்று அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறார்கள். என்னால் வகுப்பில் நிற்க முடியவில்லை. அவளுடைய விண்ணப்பம் நின்றுபோனால், அட்டை வராமல் போனால், பரீட்சை மண்டப வாசலில் அவளைத் திருப்பி அனுப்பினால் என்று மனம் தன்பாட்டில் படி இறங்கிக்கொண்டே போனது. பத்து வருடம் படித்த பிள்ளையின் வாழ்க்கையை மூன்று தேய்ப்பில் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

வியாழன் பாடசாலை விட்டதும் அவர்கள் இருந்த லயத்துக்கு, தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கமராவைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். அவளுடைய அம்மா பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றுதான் நினைத்திருக்கிறார். படத்தைக் காட்டச் சொன்னார். மகள் பாடப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏன் டீச்சர் அத எடுத்தீங்க? பாக்க அசிங்கமா இருந்துச்சா?"

அதிபருக்கு என்ன பதில், கொழும்புக்கு என்ன பதில் என்று மூன்று நாள் யோசித்திருந்தேன். இதை யோசிக்கவில்லை. இல்லைங்க, பழக்கமில்லாமல் செய்துவிட்டேன் என்று ஏதோ சொன்னேன். அது பொய். அசிங்கம் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மகளுக்கு மூன்று வயதில் பிள்ளைக்காம்பராவில் விழுந்து வெட்டியது என்றார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அறைக்கு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையிலிருந்து அவர் இறங்கி வர முக்கால் மணி நேரம் பிடித்ததாம். அதற்குள் இரத்தம் சட்டை முழுக்க இருந்ததாம். படத்தை மகளிடமே திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் பிள்ளை வாயைத் திறந்தாள்.

"இந்தப் படமே இருக்கட்டும் டீச்சர். ஒரு படத்துலயாவது இல்லாம இருக்கட்டும்."

அவளுடைய திருத்திய பிரதிகள் எல்லாவற்றையும் கிழித்துப்போட்டுவிட வேண்டும் என்பது அதிபரின் கட்டளை. ஆனால் அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை. அட்டைக்கு வேறு படம் வேண்டும், இதை நீ வீட்டில் வைத்துக்கொள் என்றேன். அவளுடைய அம்மா கட்டிலில் இருந்த வெள்ளை விரிப்பை எடுத்து வந்து கதவில் மாட்டினார். பிள்ளை தலைவாரிக்கொண்டு வந்து நின்றாள். ஒவ்வொரு முறையும் முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். நேராகப் பாரும்மா, நேராக என்று நான் கெஞ்ச வேண்டியிருந்தது. வெளிச்சம் குறைந்துகொண்டே போனது. ஆறாவது படத்தில் நேராகப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். ரயில் தாமதம். தலவாக்கலையில் அது நின்ற ஒவ்வொரு நிமிடமும் கமராப் பையைத் திறந்து, படம் இருக்கிறதா என்று பார்த்தேன். வகுப்புப் பெண் தனக்கிருந்த வேலையை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேறு பெயர் கொடுத்துச் சேமிக்கும்வரை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவுக்கு வெட்டினேன், அவ்வளவுதான். வெளிச்சம் கூட்டட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பயத்தில் சொன்னேன். உண்மையில் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், படம் இருட்டாகத்தான் இருந்தது.

அன்று மாலையே அதிபர் தங்கியிருந்த விடுதிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், கையெழுத்து வைத்தார். மற்றப் பதினெட்டு முகங்களிலும் என்னென்ன எடுத்தேன் என்று கேட்டார். பருக்கள் மட்டும்தான் என்றேன். நிச்சயமா என்று மறுபடி கேட்டார். நிச்சயம்தான், ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஒக்டோபரில் அட்டைகள் கட்டாக வந்தன. இரண்டு பேருடைய விண்ணப்பங்கள் திரும்பி வந்திருந்தன. அந்த உறையைத்தான் முதலில் திறந்தேன். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரியும் விண்ணப்பத்தில் வேறு மாதிரியும் இருந்ததுதான் காரணம். படத்தில் பிழையில்லை. பத்தொன்பது பேரும் பரீட்சை எழுதினார்கள், அந்த இரண்டு பேரும் அதிபரின் கடிதத்தோடு.

அட்டையைக் கொடுத்தபோது அந்தப் பிள்ளை ஜன்னலோரம் போகவில்லை. மேசைக்கு முன்னாலேயே நின்று பார்த்தாள். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம், மேலே பளபளப்புத் தாள். அதில் மோவாய் வெறும் நிழலாகத்தான் இருந்தது. தேடிப் பார்த்தால்தான் கோடு தெரியும்.

"இதுக்காகவா டீச்சர் ரெண்டு நாள் காய்ச்சல்னு படுத்திருந்தேன்?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பிள்ளைக்கு இடம்விட்டு நகர்ந்தாள்.